அத்தைக்கு முன்னால் மூடிய பெட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அத்தை பெட்டியிலிருந்து ஒரு துண்டு இஞ்சி மரப்பா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.
2. அம்மா பெட்டியை மூடினாள்.
3. பெட்டி 'டக்' என்றது.
4. அத்தை மெல்லுவதை நிறுத்தினாள்.
5. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.
6. காபி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.
7. அந்தப் பெட்டியை வடிவமைத்தவள் நான்.

ஏழாவது அன்றைக்கு நடந்ததில்லை, அதற்குச் சில நாள் முன்பே நடந்தது. ஆனால் அது இல்லாமல் மற்ற ஆறும் நடந்திருக்காது என்பதால் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

வில்லியனூரைத் தாண்டி, அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் எனக்கு வேலை. பெட்டிகளை வரைவேன், வெட்டிப் பார்ப்பேன், மடித்துப் பார்ப்பேன், பிறகு மறுபடி வரைவேன். இதற்கென்று தனியாகப் படித்துமிருக்கிறேன். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொட்டி மடிக்கறதுக்கா படிச்ச?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கினால் பந்தி முடிந்துவிடும்.

அத்தை அப்பாவின் அக்கா. பாகூர் பக்கம் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட கொட்டகையில், அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இஞ்சி மரப்பா போடுகிறாள். இஞ்சிச்சாறும் சர்க்கரையும் காய்ச்சித் தட்டில் ஊற்றி, சாய்சதுரமாக வெட்டியது. ஒன்று தின்றால் செரிக்கும். இரண்டு தின்றால் கண்ணில் தண்ணீர் வரும். இத்தனை வருஷமாக அது பிளாஸ்டிக் கவரில் பெட்டிக்கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அதை ஷாம்பு சரங்களுக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். யாராவது கேட்டால் எட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டுக் கடைக்காரரே "இல்ல" என்று சொல்லிவிடுவார். அத்தை ஒருமுறை தன் மரப்பாவைத் தானே கேட்டு "இல்ல" வாங்கிக்கொண்டு வந்தாள்.

அப்படியிருக்கும்போது பாண்டியில் ஒரு பெரிய மளிகைக்கடையின் மேனேஜர் எங்கேயோ மரப்பாவைத் தின்றுவிட்டு, பில் போடும் மேசைக்குப் பக்கத்தில் இடம் தருவதாகச் சொன்னார். அத்தை நேரில் போய் அந்த இடத்தைக் கையால் அளந்துவிட்டு வந்தாள். சரியாக ஒரு முழம். மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கவர் கூடாது. பிரித்தால் கொட்டுகிறது, காற்றுப் பட்டுப் பிசுபிசுக்கிறது, வாங்கியவர்கள் திரும்பக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். திறந்து எடுத்தபின் திரும்ப மூடிக்கொள்ளக்கூடிய அட்டைப்பெட்டியில்தான் வரவேண்டும். மாத முடிவுக்குள் வராவிட்டால் அந்த இடம் ஒரு பபிள்கம் ஸ்டாண்டுக்குப் போய்விடும்.

அத்தைக்கு அந்த ஒரு முழம் வேண்டியிருந்தது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாகூர் பஸ்ஸில் தினமும் அவள் பேச்சைக் கேட்கிறவர்களுக்குக்கூட இல்லை.

நான் வேலையை முறைப்படி ஆரம்பித்தேன். அச்சடிக்காத மாதிரிப் பெட்டியை எங்கள் தொழிலில் டம்மி என்போம். முதல் டம்மி உள்ளங்கையில் அடங்கும் அளவு. மேல்தட்டில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாக்கு மாதிரி ஒரு மூடி. நாக்கைத் தூக்கி மரப்பாவை எடுக்கவேண்டும். அதன் குறைகளை அன்றே எழுதிவைத்தேன்.

குறை ஒன்று, சர்க்கரைத்தூள் விளிம்பில் சேர்கிறது. குறை இரண்டு, விரல் நுழையும் இடம் அப்பாவுக்குப் போதவில்லை. குறை மூன்று, தூக்கிய மூடி நிற்பதில்லை, விட்டால் தானாகவே திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

அட்டைக்கும் மரத்தைப்போல நார் ஓடும் திசை உண்டு. நாரை ஒட்டி மடித்தால் மடித்த இடத்தில் நிற்கும். நாருக்குக் குறுக்கே மடித்தால் முரண்டு பிடித்துப் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். ஆகவே திசையை மாற்றினேன். நாக்கை எடுத்துவிட்டு முழு மூடியாக்கினேன். மூடியின் நுனியில் ஒரு காது, பெட்டியின் முன்பக்கத்தில் அந்தக் காது நுழைய ஒரு பிளவு. திறந்தால் திறந்தபடி நின்றது. மூடினால் பூட்டிக்கொண்டது. பிளவின் அகலத்தை முடி அளவு, முடி அளவாகக் குறைத்துக்கொண்டே வந்தபோது ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சத்தம் கிடைத்தது.

டக்.

மூடிவிட்டோம் என்று கைக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் தெரியவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அட்டையில் அதைக் கொண்டுவருவது லேசில்லை. எங்கள் யூனிட்டில் அட்டை வெட்டும் பஞ்சிங் மெஷினை ஓட்டும் அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவர் காதுக்குப் பக்கத்திலும் பெட்டியை வைத்து மூடிக் காட்டினார். ஒட்டுகிற பிரிவிலிருந்து வந்த ஒரு அக்கா, இன்னொரு தடவை என்று கேட்டாள். நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், மூலக்குளத்தில் டிராஃபிக் நின்றபோதெல்லாம் பையிலிருந்து எடுத்து மூடிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பெட்டியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய மரப்பாவையே நிரப்பி வைத்திருந்தேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள், நல்லாக்கீது என்றாள். அம்மா பெட்டியைத் திறந்து அவள் முன் நீட்டினாள். மேலே எழுதிய ஒன்றிலிருந்து ஆறு வரை இதன்பிறகு நடந்தவை. நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்த பேச்சு இது:

"இன்னாடி, மூடிட்ட?"

"எறும்பு வந்துடும்னு மூடுனேன் அண்ணி."

"நான் இன்னா எறும்பா?"

டிவியில் யாரோ ஆட்டுப்பண்ணை வைப்பது எப்படி என்று மிகச் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அத்தை எனக்குப் போன் செய்தாள். அந்தப் பெட்டி வேண்டாமாம். ஏன் என்று கேட்டேன்.

"கைய எடுக்கறதுக்குள்ள மூஞ்சில அடிச்சாப்ல மூடுது. ஒன்னு எடுத்துட்ட இல்ல, எந்திரிச்சிப் போன்னு சொல்லுது. என் முட்டாய வாங்கினு போறவங்க வூட்டுக்கு வந்தவங்க முன்னாடி இத எப்பிடி மூடுவாங்க? அப்பறம் அந்த வூட்டுக்கு யாரு வருவா?"

"மூடலன்னா கடையில இடம் கெடைக்காது அத்த."

"கெடைக்கலன்னா போவுது."

போனை வைத்துவிட்டாள். இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, அந்த பபிள்கம் ஸ்டாண்டு எவ்வளவு உசரம் இருக்கும் என்று கேட்டுவிட்டு மறுபடி வைத்தாள்.

அத்தைக்கு மட்டும் ரோஷம் கொஞ்சம் அதிகம் என்றே நினைத்தேன். ஒருவருடைய கோபத்தை வைத்துக்கொண்டு வடிவத்தை மாற்ற முடியாது. எங்கள் தெருவில் ஐந்து வீடுகளுக்கு ஆளுக்கொரு பெட்டி மரப்பாவும் ஒரு அட்டைத்துண்டும் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை மூடும்போதும் துண்டில் ஒரு கோடு போடவேண்டும். ஒரு வாரம் கழித்துத் துண்டுகளைத் திரும்ப வாங்கினேன்.

முதல் வீட்டில் ஒரு கோடு. வாங்கிய அன்றே மரப்பாவை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிட்டு, பெட்டியை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தார்கள். அது வாழை மட்டை மாதிரி வளைந்திருந்தது.

டெய்லரிங் செய்யும் அக்கா வீட்டில் அறுபத்தொரு கோடு. நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். திறந்து பார்த்தால் உள்ளே ஜாக்கெட் கொக்கிகள் இருந்தன. பெட்டியைப் பற்றி அக்கா சொன்னதெல்லாம் நல்லதாகவே இருந்தது. கொக்கி ஒன்றுகூட இப்போது தொலைவதில்லையாம்.

மாதாகோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அது கைமாறிக் கைமாறிப் போய்த் திரும்பி வரும்போது காலி. கோடு இல்லை. மூடுவதற்குள் தீர்ந்துவிட்டது என்று துண்டிலேயே எழுதியிருந்தார்கள்.

நான்காவது வீட்டில் பெட்டி மேல் ரப்பர்பேண்டு. பாதுகாப்புக்கு என்றார்கள். கோடு போடுவதை மறந்துவிட்டார்கள்.

ஐந்தாவது வீட்டுப் பெரியம்மாவின் துண்டில் பதினாலு கோடு, உள்ளே மரப்பாவும் பாதி மிச்சம். அதாவது பெட்டியைப் பெட்டியாகப் பயன்படுத்திய ஒரே ஆள். எப்போதெல்லாம் மூடினீர்கள் என்று கேட்டேன். எல்லாக் கோடும் தான் மட்டும் இருந்தபோது போட்டது என்றார். யாராவது வந்திருந்தால்?

"வந்தவங்கள வச்சினு எப்பிடிமா மூடறது?" என்றார், நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதைப்போல. "அவங்க போனதுக்கப்பறம் மூடணும்னு நெனைப்பேன். மறந்துடும். எறும்பு வந்துடும்."

வீட்டுக்கு வந்து எங்கள் சமையலறையில் நின்று யோசித்தேன். முறுக்கு டப்பாவை அம்மா விருந்தாளிக்கு நீட்டும் விதம் நான் பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். மூடியைக் கழற்றித் திருப்பி டப்பாவுக்கு அடியில் போட்டு, அதன்மேல் டப்பாவை வைத்து, அவர்கள் பக்கமாகத் தள்ளிவிடுவாள். மூடி கண்ணுக்கே தெரியக்கூடாது. விருந்தாளி வாசல்படி தாண்டி, வண்டியைக் கிளப்பி, தெருமுனை திரும்பியபிறகுதான் மூடி வெளியே வரும். எல்லா வீட்டிலும் இதுதான். இதை ஒரு தடவைகூட நான் என் நோட்டில் எழுதியதில்லை. அட்டையின் தடிமனை எழுதியிருந்தேன், சர்க்கரைத்தூளின் பருமனை எழுதியிருந்தேன்.

பிறகு இன்னொரு கேள்வி வந்தது. அப்படியென்றால் அம்மா ஏன் மூடினாள்?

கேட்டேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நீதானடி கண்ண காட்டன, மூடு மூடுன்னு. எம்பொண்ணு செஞ்ச பொட்டி எப்பிடி சத்தம் போடுதுன்னு அவங்களும் கேக்கட்டும்னுதான் மூடுனேன். அத வெளிய சொல்ல முடியுமா? அதான் எறும்புன்னேன்."

அன்றைக்கு நான் கண்ணைக் காட்டியது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் காட்டியிருப்பேன். அந்த வாரம் முழுக்க எல்லோருக்கும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது. மேனேஜருக்கு மூடுகிற பெட்டி வேண்டும். அத்தைக்கு, யாரும் மூடாத பெட்டி வேண்டும். இரண்டையும் ஒரு தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி வைத்துக்கொண்டு யூனிட்டில் உட்கார்ந்திருந்தேன். காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்க ஒரு கிளிப் தேவைப்பட்டு மேசை இழுப்பறையைத் திறந்தேன். கிளிப்புகளை எதில் போட்டு வைத்திருந்தேன் என்றால், அந்த முதல் டம்மியில். நாக்கைத் தூக்கினேன், கிளிப்பை எடுத்தேன், கையை எடுத்தேன். நாக்கு தானாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சத்தமில்லை.

குறை மூன்று.

நான் மூடவில்லை. யாரும் மூடவில்லை. பெட்டி மூடியிருந்தது.

அடுத்த சில நாட்கள் அந்தக் குறையை வளர்ப்பதில் போயின. நாரைத் திரும்பவும் குறுக்காகத் திருப்பினேன். பஞ்சிங் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அப்படித் திருப்பினால் ஒரு ஷீட்டில் இரண்டு பெட்டி குறையும் என்பது ஒன்று, 'டக்' போய்விடும் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போதுதான் குரல் தாழ்ந்தது. மடிப்புக்கோடு நேராக இருந்தபோது இருபது தடவை திறந்தபின் நாக்கு களைத்துப்போய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கோட்டை நேராகப் போடாமல் பிறை மாதிரி லேசாக வளைத்தேன். வளைந்த கோட்டில் மடிக்கும்போது அட்டை விறைத்துக்கொள்ளும், விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். எண்பது தடவை திறந்தும் நாக்கு சோரவில்லை. எண்பத்தொன்றாவது தடவை அப்பா திறந்தார். பரிசோதனைக்குத்தான் என்றார். அவர் வாயில் மரப்பா இருந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அபிஷேகப்பாக்கம் பக்கம் ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்ததால் மெதுவாகத்தான் போக முடிந்தது. அம்மா மடியில் பெட்டி. அத்தை முன்னால் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று அம்மாவுக்கு வழிமுழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். மொத்தம் மூன்று விதி. நீட்டவேண்டும். அத்தை எடுத்ததும் கையை எடுத்துவிடவேண்டும். என் முகத்தைப் பார்க்கக்கூடாது.

அத்தை எங்களை வா என்றாள், உட்கார் என்றாள். இரண்டும் கொஞ்சம் சுருக்கமாக இருந்தன. கொட்டகையில் பாகு காய்ந்துகொண்டிருந்தது. அம்மா பெட்டியை நாற்காலியில் வைத்து, நாக்கைத் தூக்கிப் பிடித்து, அத்தை பக்கம் திருப்பினாள். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தாள். அம்மா உடனே இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டாள், போலீஸ் சோதனைக்கு நிற்கிற மாதிரி. அது என் விதியில் இல்லை, அவளாகச் சேர்த்துக்கொண்டது.

நாக்கு மெதுவாக இறங்கிப் படுத்தது.

"யாரு மூடனது?"

"நான் இல்ல அண்ணி."

அத்தை என்னைப் பார்த்தாள். நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். பாகு கிண்டிக்கொண்டிருந்த பெண் கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றாள். அத்தை தானே நாக்கைத் தூக்கி இன்னொன்று எடுத்துவிட்டு, விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பெட்டி மூடியது. மறுபடி எடுத்தாள். மறுபடி மூடியது. நான்காவது மரப்பாவில் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, இஞ்சியால். குனிந்து பெட்டியிடமே பேசினாள்.

"ஏன், நான் எடுக்கறது உனக்குப் பொறுக்கலியா?"

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. அது எப்போதுமே ஒன்றும் சொல்லாத மாதிரிதான் செய்திருந்தேன்.

அத்தை அம்மாவைப் பார்த்தாள். "கைய கீழ எறக்குடி. பாத்தா ஒரு மாதிரியா கீது." பிறகு, எழுந்து உள்ளே போகும்போது திரும்பாமலே சொன்னாள்: "அன்னிக்கி காப்பி குடிக்காம வந்துட்டேன். இன்னிக்கி ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுதான் போவணும்."

சாப்பிடும்போது, அன்றைக்குக் கண்ணைக் காட்டியது யார் என்பதை அம்மா சொல்லிவிட்டாள். அத்தை என் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே, தனக்கு அப்போதே தெரியும் என்றாள்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அத்தையும் நானும் பாண்டிக்குப் போனோம். மேனேஜர் பெட்டியை வாங்கி, முதலில் கவிழ்த்துக் குலுக்கினார். கொட்டவில்லை. நாக்கைத் தூக்கினார், ஒன்றை எடுத்துக்கொண்டார், பிறகு பெட்டியை எங்கள் பக்கம் நீட்டி, நீங்களும் எடுத்துக்குங்க என்றார். எடுத்துக்கொண்டோம். பெட்டியை மேசையில் வைத்தார். மூடுவதற்கு அவர் கை போகவில்லை. திரும்ப மூடிக்கொள்ளவேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், எதிரில் இரண்டு பேர் நிற்பதால் பெட்டியைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார். நாக்கு அதுவாகவே மூடிக்கொண்டது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

நாங்கள் இரண்டு பேரும் கையைத் தூக்கிக் காட்டினோம்.

இப்போதைய நிலவரம் இதுதான். இஞ்சி மரப்பா பில் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடம் ஒரு முழத்துக்கு மூன்று விரல் குறைவு. அத்தை போய் அளந்துவிட்டாள், மேனேஜரிடம் பேசுவதாக இருக்கிறாள். பபிள்கம் ஸ்டாண்டு அதற்குக் கீழே இருக்கிறது. அம்மாவும் அத்தையும் தினமும் போனில் பேசுகிறார்கள். பெட்டி எப்போதும் மூடியே இருப்பதால், அப்பா எவ்வளவு தின்கிறார் என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. 'டக்' பெட்டியில் பஞ்சிங் அண்ணன் ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறார். யாராவது கேட்டால் ஒரு தடவை மூடிக் காட்டுகிறார்.